ஹெல்மெட்டைக் கழற்றினால் குடியா முழுகிவிடும்?

எச்சரிக்கை: கதை முடிவுகள் எல்லாம் கீழே வரும். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். பதிவு எங்கேயும் ஓடிப்போகாது.

வீடியோ கேமை டிவி தொடராக எடுக்கிற ஒவ்வொரு முறையும் அதே பஞ்சாயத்துதான். "கேம்ல இருந்த மாதிரியே எடுக்கல." சரி, இருந்த மாதிரியே எடுத்தால்? அப்போதும் பஞ்சாயத்து. நடுவில் ஏதாவது ஒரு நடிகையின் முகத்தைப் பற்றியோ புஜத்தைப் பற்றியோ நாலு மாதம் வசவு. இந்தக் கூட்டத்தோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. 'அப்படியே எடு' என்று கத்துகிறவர்களுக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்றே தெரியவில்லை என்பது என் கட்சி. அடிக்க வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வரவும்.

முதலில் ஹேலோ. வீட்டில் ஆண் பிள்ளை இருப்பவர்களுக்கு அந்தப் பச்சைக் கவசத்தையும் தங்க நிறக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டையும் பார்த்த ஞாபகம் இருக்கும். மாஸ்டர் சீஃப். 2001-ல் எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்து வந்த ஆட்டம். அத்தனை ஆட்டங்களிலும் அந்த ஆள் முகத்தை நேராகக் காட்டியதே இல்லை. காரணம் சுலபம்: அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ஆடுகிறவன். சென்னையில் ஆடினால் சென்னைப் பையன், சிகாகோவில் ஆடினால் சிகாகோ பையன்.

2013-ல் ஸ்பீல்பெர்க் பெயரைச் சொல்லித் தொடர் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். வந்தது 2022 மார்ச்சில், பாரமவுண்ட் பிளஸ்ஸில். ஒன்பது வருஷம் காத்திருந்து பார்த்தால், முதல் எபிசோடிலேயே பாப்லோ ஷ்ரைபர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். அவ்வளவுதான், பூகம்பம். கோயில் சிலைக்குக் கவசத்தைக் கழற்றியதுபோல ஒரு கூப்பாடு.

நான் கேட்பது இதுதான். டிவி பார்க்கும்போது அந்த ஹெல்மெட்டுக்குள் யார் இருக்கிறார்கள்? ஆடுகிறவன் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறான். உள்ளே ஆளில்லாத ஹெல்மெட் வெறும் பிளாஸ்டிக். அதைக் கழற்றினால் என்ன, போட்டிருந்தால் என்ன? (2019-லிருந்து 'தி மாண்டலோரியன்' ஓடியதே, அதில் ஹெல்மெட் கழன்ற சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே போட்டிருந்தாலும் கதை சொல்லலாம், கழற்றினாலும் சொல்லலாம்.)

ஹேலோ தொடரின் உண்மையான கோளாறு வேறு. அந்த ஆட்டத்தை முதன்முதலில் ஆடியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்வார்கள். பிறகு அந்த வளையத்தைப் பற்றிச் சொல்வார்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், நிற்கிற நிலமே எதிரே வானத்தில் வளைந்து ஏறித் தலைக்கு மேலே போகும். பின்னணியில் சந்நியாசிகள் பாடுவதுபோல ஒரு கோரஸ். நீ தனி, இடம் பெரிசு. அதுதான் ஹேலோ. தொடரிலோ முதல் சீசன் முழுக்க ராணுவ அரசியலும், எதிரிப் பக்கம் வளர்ந்த ஒரு பெண்ணோடு காதலும். அந்த சீசனுக்குப் பொறுப்பாக இருந்தவர், நாங்கள் கேமைப் பார்க்கவில்லை, கதாபாத்திரங்களைத்தான் பேசினோம் என்று பேட்டியே கொடுத்தார். வளையத்தின்மேல் சீஃப் கால் வைப்பது இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில். 2024 ஜூலையில் தொடரை ரத்து செய்துவிட்டார்கள். ஆட்டம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதோ அந்த இடத்துக்கு வந்ததும் கடையை மூடியாயிற்று.

இதைச் சொல்லி ஒருவன் திட்டினால் கூடவே நானும் திட்டுவேன். ஆனால் கூப்பாட்டில் பெரும்பகுதி ஹெல்மெட்டுக்குத்தான் போயிற்று. தயாரிப்பாளர் அதைக் கேட்டு என்ன பாடம் படிப்பார்? அடுத்த தடவை ஹெல்மெட்டை ஒட்டிவைத்தால் போதும் என்று படிப்பார். திட்டுவதைக்கூட ஒழுங்காகத் திட்டத் தெரியாவிட்டால் எப்படி?

அடுத்து ஃபால்அவுட். 2024 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வந்தது. ஜோனதன் நோலன் சம்பந்தப்பட்டிருக்கிறார் (கிறிஸ்டோபர் நோலனின் தம்பி). இவர்கள் செய்த புத்திசாலித்தனம், எந்த ஆட்டத்தின் கதையையும் எடுக்காமல் விட்டது. அணுகுண்டுகள் விழுந்து இருநூறு வருஷத்துக்கும் மேல் கழிந்த உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லா ஆட்டங்களுக்கும் பிந்தைய 2296-ல் புதுக்கதை வைத்துக்கொண்டார்கள். பாதாள வீட்டில் வளர்ந்த வெள்ளந்திப் பெண் வெளியே வருகிறாள். வால்டன் காகின்ஸ் மூக்கில்லாத முகத்தோடு வந்து பின்னியெடுக்கிறார்.

அதிலும் ஆடிட் நடந்தது. ஒரு காட்சியில் பள்ளிக்கூடக் கரும்பலகையில் 'ஷேடி சாண்ட்ஸ் வீழ்ச்சி, 2277' என்று எழுதியிருந்தது. 2010-ல் வந்த 'நியூ வேகஸ்' ஆட்டத்தின் கதை நடப்பது 2281-ல். அந்த ஆட்டத்தில் ஷேடி சாண்ட்ஸ் பக்கத்து அரசு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. ஆகவே நியூ வேகஸையே கணக்கிலிருந்து அழித்துவிட்டார்கள் என்று ஒரே ரகளை. கடைசியில் டாட் ஹோவர்டே வந்து, குண்டு விழுந்தது நியூ வேகஸுக்குப் பிறகுதான் என்று விளக்க வேண்டியதாயிற்று. நானும் மாதாமாதம் பேலன்ஸ் டேலி ஆகாமல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்தவன்தான். நாலு வருஷ வித்தியாசம் கண்ணை உறுத்தும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் டேலி ஆகாததால் பேங்க் திவாலாகிவிட்டது என்று தெருவில் நின்று கத்துவதில்லை, ஐயா! அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் 2015-ல் வந்த ஃபால்அவுட் 4-ஐத் தேடிப் போய் வாங்கினார்கள் தெரியுமா? ஒன்பது வருஷப் பழைய சரக்கு விற்பனைப் பட்டியலில் மறுபடி மேலே ஏறியது. அவர்களில் யாரும் கரும்பலகையைப் பார்த்து வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'.

2013-ல் நாட்டி டாக் கம்பெனி பிளேஸ்டேஷன் 3-க்கு வெளியிட்ட ஆட்டம். மூளையைப் பிடிக்கும் ஒரு பூஞ்சையால் உலகம் அழிந்துபோகிறது. மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்கிற முரட்டு ஆள், நோய் தாக்காத எல்லி என்கிற பெண்ணை அமெரிக்காவின் குறுக்கே கூட்டிக்கொண்டு போகிறான். 2023 ஜனவரியில் எச்.பி.ஓ. தொடராக வந்தது. 'செர்னோபில்' எழுதிய கிரெய்க் மேசினும், ஆட்டத்தை எழுதிய நீல் டிரக்மனும் சேர்ந்து செய்தது. இங்கே முதலில் ஹாட்ஸ்டாரில் வந்தது. இரண்டு மாதத்தில் எச்.பி.ஓ. சரக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பி ஜியோசினிமாவுக்குப் போயிற்று. 2025-ல் இரண்டு கடையும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார். (நம்மைப் போலவே மூட்டை முடிச்சோடு மாற்றலாகிக்கொண்டே இருக்கிறது, பாவம்.)

அதன் மூன்றாவது எபிசோடைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் பில் என்று ஒருவன் வருவான். ஊரையே பொறி வைத்து அடைத்துக்கொண்டு தனியாக வாழ்கிற சிடுமூஞ்சி. அவனுடைய கூட்டாளி ஃபிராங்க் தூக்கில் தொங்கிக் கிடப்பதைப் பார்ப்போம். பில்லை எவ்வளவு வெறுத்தேன் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருப்பான். ஆட்டத்தில் அவ்வளவுதான். தொடரில் மேசின் என்ன செய்தார்? ஜோயலையும் எல்லியையும் ஓரமாக வைத்துவிட்டு, பில்லும் ஃபிராங்கும் பதினாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்ததை முழுநீளப் படம் மாதிரி எடுத்தார். பொறிக்குழியில் விழுந்தவனுக்குச் சாப்பாடு போட்டு ஆரம்பிக்கிறது. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் விதை வாங்கி ஸ்ட்ராபெர்ரி பயிர் செய்கிறார். கடைசியில் ஒருவருக்கு நோய், இன்னொருவர் கூடவே போய்விடுகிறார். துப்பாக்கிச் சண்டை கொஞ்சம், பூஞ்சை மனிதர்கள் இல்லையென்றே சொல்லலாம்.

'அப்படியே எடு' அளவுகோலில் இதற்கு மார்க் பூஜ்யம். ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். இரண்டு ஆண்களின் காதல் என்பதால் குத்தியவர்கள் பாதி, ஆட்டத்தில் இல்லை என்பதால் குத்தியவர்கள் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது காரணத்தைச் சொல்லி முதல் காரணத்தை மறைத்தவர்களும் இருந்திருப்பார்கள். பில்லாக நடித்த நிக் ஆஃபர்மனுக்கு எம்மி விருது கிடைத்தது.

எங்கள் வீட்டில் அந்த எபிசோடை மூன்று பேரும் பார்த்தோம். காலேஜில் படிக்கும் மகன் ஆட்டத்தை இரண்டு முறை முடித்தவன். "இது கேம்ல கிடையவே கிடையாதுப்பா" என்று நடுவில் நாலு தடவை சொன்னான். என் மனைவிக்கு கன்ட்ரோலர் எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. முடிந்ததும் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து மகனிடம், "நீ ராத்திரி முழுக்க முழிச்சு ஆடினது இந்தக் கதையாடா?" என்று கேட்டாள். அவன், "ஆமாம்மா, இதேதான்" என்றான். முந்தின நிமிஷம் வரை கேமில் கிடையவே கிடையாது என்றவன்!

இரண்டுமே உண்மை. சம்பவம் கிடையாது. ஆனால் அந்த ஆட்டம் அவனுக்குள் வைத்ததுதான் அங்கே இருந்தது: இந்த நாசமாய்ப் போன உலகத்தில் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு ஆள் இருந்தால் மனுஷன் என்னவெல்லாம் செய்வான் என்பது.

இதைப் படிக்கிற பலரைப் போல நாங்களும் வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், ஒரு பள்ளிக்கூடம். தெருவில் சிநேகிதம் சேர்வதற்குள் மாற்றல் ஆர்டர் வந்துவிடும். பையன்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு உலகத்துக்குள் போய்விடுகிறார்கள். அங்கே நாம் போக முடியாது, நம் விரல்கள் அதற்குப் பழகவில்லை. இந்தத் தொடர்கள்தான் நமக்குக் கிடைத்த வாசல். கேமை டிவிக்குக் கொண்டுவருவது கேம் ஆடாதவர்களுக்காக. ஆடியவனுக்குத்தான் ஆட்டமே இருக்கிறதே! அது எங்கே போயிற்று? அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நாற்பது மணி நேரம் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவன், இரண்டாம் பந்தியில் உட்காருபவனின் இலையைப் பார்த்து, எனக்கு வைத்த இடத்தில் அவனுக்கு அவியல் வைக்கவில்லை என்று சண்டை போடலாமா?

"காசு கொடுத்து வாங்கினோம், ராத்திரி பகலாக ஆடினோம், எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்கிறார்கள். இதை நான் கவுன்டரில் தினமும் கேட்கிறேன். சேமிப்புக் கணக்கில் ஐயாயிரம் ரூபாய் வைத்திருக்கும் ஒருவர் மேனேஜரை மாற்றச் சொல்வார். டெபாசிட்தாரர் வேறு, பங்குதாரர் வேறு, சார். அதற்குமேல் 'தி விட்சர்' விவகாரத்தைப் பாருங்கள். கதையை உண்டாக்கிய போலந்து எழுத்தாளர் சாப்கோவ்ஸ்கி, ஆட்டம் ஓடாது என்று நினைத்து, சதவீதம் வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று உரிமையை விற்றுவிட்டார். ஆட்டம் சக்கைப்போடு போட்டது. 2018-ல் வக்கீல் வைத்து ஆறு கோடி ஸ்வாட்டி கேட்டு, 2019 டிசம்பரில் புது ஒப்பந்தம் போட்டார். படைத்தவனுக்கே பங்கு கிடைக்க வக்கீல் நோட்டீஸ் தேவைப்பட்டது. இதில் வேடிக்கை, நெட்ஃபிளிக்ஸ் எடுத்தது அவருடைய புத்தகங்களை. ஆட்டத்தை ஆடியவர்கள் வந்து, ஆட்டத்தில் இப்படி இல்லையே என்று அதையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்!

உடனே சோனிக்கைக் கொண்டுவருவார்கள், தெரியும். 2019-ல் டிரெய்லரில் அந்த நீல முள்ளெலிக்கு மனுஷப் பல் வைத்திருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ரசிகர்கள் கத்தினார்கள், படத்தைத் தள்ளிப்போட்டு உருவத்தை மாற்றி 2020 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அந்தக் கத்தல் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அது சினிமா, அதிலும் பல் விவகாரம். தையற்காரர் கை நீளம் தப்பாக வைத்தால் திருப்பிக் கொடுக்கலாம். கதையை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம். என் வாதம் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

முதல் ஆட்டத்தின் முடிவில், எல்லியின் மூளையை எடுத்தால் மருந்து கண்டுபிடிக்கலாம், ஆனால் அவள் செத்துவிடுவாள். ஜோயல் ஆஸ்பத்திரியில் எல்லாரையும் சுட்டுக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிறான். சிறு கத்தியோடு ஒரு டாக்டர் குறுக்கே நிற்கிறார். ஆட்டத்தில் அந்த இடத்தில் ஒரு விசேஷம். நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா நிற்கலாம், டாக்டரும் நிற்பார். அவரைக் கொல்லாமல் எல்லியைத் தூக்க முடியாது. ஆட்டம் உங்களுக்காகக் காத்திருக்கும். பட்டனை அழுத்துவது உங்கள் கட்டைவிரல். மகன் அதை எனக்குக் காட்டினான். கொஞ்ச நேரம் அழுத்தாமல் வைத்திருந்தான்.

டிவியில் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். பெட்ரோ பாஸ்கல் நடந்துபோகிறார், சத்தத்தை அமுக்கிச் சோகமான இசையை ஓடவிட்டிருக்கிறார்கள். மிக நன்றாக எடுத்திருக்கிறார்கள், கேமில் இருந்த மாதிரியேதான். ஆனால் நாம் யாரையும் கொல்லவில்லை. ஒரு மனிதன் கொல்வதைப் பார்த்தோம், அவ்வளவுதான். அப்படியே எடுத்தும் அது வரவில்லை பாருங்கள். வராது. டிவிக்குக் கட்டைவிரல் கிடையாது.

அடுத்த ஆட்டம் 2020 ஜூனில் வந்தது. அந்த டாக்டரின் மகள் ஆபி வளர்ந்து வந்து, ஆரம்பத்திலேயே ஜோயலை கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்கிறாள். எல்லியாகச் சில நாட்கள் பழிவாங்கத் திரிகிறோம். பாதியில் ஆட்டம் திரும்பிக்கொண்டு, இனி நீ ஆபி என்கிறது. மீதிப் பாதியில் பெரும்பகுதி அவள் கையாக ஆட வேண்டும். ஓர் இடத்தில் ஆபியாக எல்லியையே அடிக்க வேண்டும். இதைவிடக் கொடுமையான, நியாயமான காரியத்தை நான் கேள்விப்பட்டதில்லை. 2013-ல் அந்த டாக்டரைக் கொன்றது யார்? ஆடியவர்கள் எல்லாரும்தான். ஏழு வருஷம் கழித்து வட்டியோடு நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீஸ் வந்ததும் நம் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஆபிக்குக் குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்கள். அவரே 2020 ஜூலையில் அவற்றை வெளியிட்டார், கம்பெனி கண்டித்தது. ஒரு கற்பனைப் பாத்திரத்தைக் கொன்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த குற்றம்! தொடருக்கு எல்லியாக பெல்லா ராம்சியை அறிவித்தபோது அவருக்குப் பதினேழு வயது. முகம் ஆட்டத்தில் இருந்த மாதிரி இல்லையாம். அன்று ஆரம்பித்த வசவு அது. பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பற்றி நாற்பது வயது ஆட்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள். கேட்லின் டீவர் ஆபியாக வருகிறார் என்றதும், படப்பிடிப்பில் அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. ஆட்டத்து ஆபிக்கு மல்யுத்த வீரர் மாதிரி புஜம், டீவருக்கு இல்லை என்று அடுத்த புகார். அந்தப் புஜம் எதற்கு என்று யோசித்தார்களா? எல்லியாக ஆடுவதும் ஆபியாக ஆடுவதும் கையில் வேறு வேறாகத் தெரிய வேண்டும், அதற்கு. டிவியில் அந்தத் தேவையே இல்லை என்று டிரக்மனே சொன்னார்.

2025 ஏப்ரலில் இரண்டாவது சீசன். இரண்டாவது எபிசோடில் ஜோயல் செத்தான், ஆட்டத்தில் இருந்த மாதிரியே, கோல்ஃப் மட்டை உட்பட. 'அப்படியே எடு' கோஷ்டி கொண்டாடியிருக்க வேண்டாமா? மறுபடி ஒற்றை நட்சத்திரம். மாற்றினால் துரோகம், மாற்றாவிட்டால் கொலை. இவர்களுக்கு எதைக் கொடுப்பது?

அந்த சீசனில் குறை இல்லாமல் இல்லை. ஆபி ஏன் வருகிறாள் என்பதை முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தில் அது பாதி வழியில்தான் தெரியும். அதுவரை அவளை வெறுத்துவிட்டு, பிறகு அவளாகவே ஆக வேண்டும். முன்கூட்டியே சொன்னதில் அந்த வெறுப்புக்கு இடமே இல்லாமல் போயிற்று. கட்டைவிரலுக்குப் பதிலாக வேறு என்ன வைப்பது என்று மேசின் முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில் கண்டுபிடித்தார், இங்கே கண்டுபிடிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைப் பேசுங்களேன். கேமை உள்ளும் புறமும் அறிந்தவர்கள்தான் இதைச் சொல்ல முடியும். என்னைப் போன்றவனால் முடியாது, மகன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அவ்வளவு தெரிந்தவர்கள் புஜத்தை அளந்துகொண்டிருக்கிறார்களே என்பதுதான் ஆத்திரம்.

இரண்டாவது சீசனின் கடைசி நிமிஷத்தில் கதை ஆபியின் கண்ணுக்குத் திரும்புகிறது. 'சியாட்டில், முதல் நாள்' என்று போட்டு முடித்தார்கள். அந்த டாக்டருக்கு முதல் ஆட்டத்தில் பெயர்கூடக் கிடையாது. ஜெர்ரி என்ற பெயர் இரண்டாவது ஆட்டத்தில்தான் வந்தது. மூன்றாவது சீசனில் மகளின் பக்கம் நின்று கதையைச் சொன்னால் டீவருக்கு என்னென்ன கடிதம் வரும் என்று இப்போதே ஊகிக்கலாம்.

நானும் மனைவியும் பார்ப்போம். மகன் பெங்களூரில் வேலைக்குப் போகப்போகிறான். எபிசோட் முடிந்ததும் போன் போட்டு, இது கேமில் உண்டா கிடையாதா என்று அவனிடம் கேட்க வேண்டும்.